நாலாம் வால்வும் அஞ்சாம் வால்வும்: சென்னிமலையில் ஒரு அம்பாசிடர் இன்ஜின்

வண்டி 1983 மாடல் அம்பாசிடர் மார்க் 4, பெட்ரோல். சென்னிமலையில் என் பெரியப்பா வீட்டு வண்டி. டீசல் மலிவாக இருந்த காலத்தில் நம் பக்கத்து அம்பாசிடர்கள் எத்தனையோ பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு டீசலுக்கு மாறின. பெரியப்பா மாறவில்லை. “தறிச் சத்தத்துல பாதிக் காது போச்சு, மீதிய வண்டிக்குக் குடுக்க முடியாது” என்பது அவர் கட்சி. அதனால் பழைய 1489 சிசி பி-சீரிஸ் இன்ஜின், பிளாக்கில் அடித்த அதே நம்பரோடு இன்னும் அதிலேயே இருக்கிறது.

சில வருசத்துக்கு முன்னால் டவுனில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இதற்கு முழு இன்ஜின் வேலை நடந்தது. ரீபோர் (சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்குவது), புது பிஸ்டன், கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கிரைண்டிங் எல்லாம். கொஞ்ச காலம் நன்றாக ஓடியது. அப்புறம் பழைய புகார்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. முருகன் கோயில் மலைப்பாதையில் ஏறும்போது இழுவை இல்லை. இறங்கும்போது ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்துக் கியரிலேயே விட்டால் பின்னால் நீலப் புகை. பெருந்துறையில் ஹைவே ஏறிக் கொஞ்ச தூரம் போனால் சூடு முள் மேலே போகும். நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் ஆயில் லைட் மினுக்கும்.

பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே தீர்ப்புத்தான் சொன்னார்கள்: மறுபடியும் இறக்கி அடுத்த சைஸ் போர் அடிக்க வேண்டியதுதான். அந்தத் தீர்ப்பு ஏன் தப்பு, நிஜத்தில் என்ன கெட்டிருந்தது, அதை வீட்டிலேயே எப்படிச் சரி செய்தோம் என்பதுதான் இந்த ஆய்வு.

பிரிப்பதற்கு முன்னால்

இந்த இன்ஜினின் கட்டுமானத்தை ஒரு முறை மனசில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். இங்கிலாந்தின் பிஎம்சி கம்பெனி வடிவமைத்தது. நாலு சிலிண்டர், போர் (சிலிண்டரின் விட்டம்) 73.025 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் நீளம்) 88.9 மில்லிமீட்டர். கேம் ஷாஃப்ட், சிலிண்டர்கள் இருக்கும் அடி வார்ப்பான பிளாக்குக்குள்ளே. பிளாக்கின் மேல் மூடிதான் ஹெட். புஷ் ராடு வழியாக மேலே வால்வைத் தள்ளும் ராக்கர். கிராங்குக்கு மூணே மூணு மெயின் பேரிங். எம்ஜி ஏ என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே 1489 சிசிதான், கம்பிரசன், கார்புரேட்டர் போன்றவைதான் வேறே. அதனால் அந்த வண்டியின் மேனுவலில் உள்ள பேரிங் அளவுகள் நமக்கும் உதவும்.

எட்டு வால்வு. முன்பக்கத்தில் இருந்து எண்ணினால் ஒண்ணு, நாலு, அஞ்சு, எட்டு ஆகியவை எக்ஸாஸ்ட், அதாவது புகை வெளியேறுவது. மற்ற நாலும் இன்லெட், பெட்ரோல் கலவை உள்ளே வருவது. ரெண்டாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் நாலாவது, மூணாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் அஞ்சாவது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, ஹெட்டின் நடுவில் ஒரே போர்ட் வழியாகப் புகையை வெளியே தள்ளுகின்றன. ஹெட்டிலேயே அதிகம் சூடாகும் இடம் அதுதான். இந்தக் கதை முழுக்க இந்த இடத்தைச் சுற்றித்தான் வருகிறது.

முதலில் கம்பிரசன் கேஜ், சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று காட்டும் கருவி. இன்ஜினைச் சூடாக்கி, நாலு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி பார்த்ததில் ஒண்ணாம் சிலிண்டர் 125 பிஎஸ்ஐ, ரெண்டு 85, மூணு 80, நாலு 120. ஓரத்துச் சிலிண்டர் இரண்டும் நன்றாக இருக்க நடு இரண்டும் இறங்கியிருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் ஊற்றி மறுபடி பார்த்தோம். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருந்தால் அந்த ஆயில் இடைவெளியை அடைத்து அளவு நன்றாக ஏறும். இங்கே நடு இரண்டிலும் முள் அசையவே இல்லை. ஆகக் காரணம் ரிங் இல்லை.

பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டு சேர்ந்து விழுந்தால் அடுத்த சந்தேகம் நடுவில் ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே உள்ள அடைப்புத் தகடு) எரிந்திருப்பது. அதையும் பிரிக்காமலே பார்க்க வழி உண்டு. சிலிண்டரைக் கம்பிரசன் மேல்முனையில் நிறுத்தி, டாப் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, பிளக் ஓட்டை வழியே கம்பிரசர் காற்றை விட வேண்டும். பிறகு காதுக்குத்தான் வேலை. ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட். பக்கத்து பிளக் ஓட்டையில் சீறினாலும் கேஸ்கட். ஆயில் ஊற்றும் மூடியில் சீறினால் ரிங். கார்புரேட்டரில் என்றால் இன்லெட் வால்வு. எங்களுக்கு ரெண்டாம் சிலிண்டரிலும் மூணாம் சிலிண்டரிலும் சைலன்சர் வாயில் கையை வைத்தால் காற்று தெளிவாகப் பட்டது. எக்ஸாஸ்ட் வால்வு, சந்தேகமே இல்லை.

கடைசியாக ராக்கர் கவரைக் கழற்றி டேப்பெட் கேப், அதாவது ராக்கருக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளி பார்த்தோம். 15 தவ் இருக்க வேண்டும் (ஒரு தவ் என்பது இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஏறக்குறைய 0.025 மில்லி). நாலிலும் அஞ்சிலும் ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகூட நுழையவில்லை. பெரியப்பாவிடம் கேட்டபோதுதான் அது நெடுநாள் கதை என்று தெரிந்தது.

“அது அடிக்கடி டைட்டாயிரும் கண்ணு. மெக்கானிக் வந்து லூஸ் பண்ணுவான். ஆனா ஒண்ணு, டேப்பெட் சத்தமே இல்லாம வண்டி அத்தனை அமைதியா ஓடுச்சு.”

“அந்த அமைதிதான் பெரியப்பா வினையே” என்றேன்.

இந்த மாதிரி இன்ஜினில் டேப்பெட் லேசாகக் கடகடக்க வேண்டும். சத்தம் போய்விட்டது என்றால் இடைவெளி போய்விட்டது. இடைவெளி போனால் வால்வு முழுசாக உட்காராது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை இறக்கி வைப்பது சீட்டில் (வால்வு வந்து மூடும் விளிம்பில்) உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான். உட்காராத வால்வு எரிந்துதான் போகும்.

ஹெட்டைத் திறந்தபோது

நாலாம் வால்வின் விளிம்பில் ஒரு பக்கம் கடித்தெடுத்தது போலத் தேய்ந்திருந்தது. அஞ்சாவது அதைவிட மோசம். இரண்டும் சீட்டுக்குள் அமிழ்ந்திருந்தன. ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்து டெப்த் வெர்னியரில் பார்த்தால், ஒண்ணாம் வால்வோடு ஒப்பிட அஞ்சாம் வால்வு ஒரு மில்லிக்கு மேல் உள்ளே போயிருந்தது.

வால்வு ஏன் அமிழும்? 1983-ல் இந்த இன்ஜின் ஓடியது ஈயம் கலந்த பெட்ரோலில். அந்த ஈயம் எரிந்து எக்ஸாஸ்ட் சீட்டின் மேல் மெல்லிய படலமாகப் படியும். வால்வும் சீட்டும் இரும்போடு இரும்பாக ஒட்டிப் பிய்வதை அது தடுக்கும். அதை நம்பித்தான் அந்தக் காலத்தில் தனிச் சீட் வைக்காமல் வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே சீட்டைக் கடைந்தார்கள். 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல் வந்தது. நம் நுரையீரலுக்கு அது பெரிய நன்மை, அதில் வாதமே இல்லை. இந்த ஹெட்டுக்கு மட்டும் பாதுகாப்புப் போய்விட்டது. வெறும் இரும்புச் சீட்டு ஒவ்வொரு அடிக்கும் பொடிப்பொடியாகப் பிய்கிறது, வால்வு ஹெட்டுக்குள் மேலே ஏறுகிறது, டேப்பெட் இடைவெளி மூடுகிறது.

ஆனால் ஈயம் போன உடனே இந்த வண்டி கெடவில்லையே? அதற்கும் காரணம் உண்டு. சீட் அமிழ்வது வேகத்தையும் பாரத்தையும் பொறுத்தது. சென்னிமலைக்கும் ஈரோட்டுக்கும் மெதுவாகப் போய் வந்த வரை பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. பழைய 47-ஆம் நம்பர், இப்போதைய 544-ஆம் நம்பர் ஹைவே அகலமானதும் பெரியப்பா கோயமுத்தூருக்கு எண்பது, தொண்ணூறில் ஒரே மிதியாகப் போக ஆரம்பித்தார். அங்கேதான் தேய்மானம் வேகமெடுத்தது. டேப்பெட் டைட்டாகிற புகார் எப்போது தொடங்கியது என்று அவர் சொன்ன காலமும் இதோடு ஒத்துப்போகிறது.

முன்பு நடந்த வேலையில் இந்த ஹெட்டுக்கு என்ன செய்தார்கள் என்பதும் பார்த்தால் தெரிந்தது. வால்வுகளைக் கிரைண்டிங் பேஸ்ட் போட்டுக் கையால் தேய்த்து அப்படியே மாட்டியிருக்கிறார்கள். கெட்டது ஹெட், காசு போனது பிளாக்குக்கு.

இன்லெட் பக்கம் வேறு விசயம். வால்வைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து ஆட்டினால் கைடுக்குள் (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழல்) கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம். மலையிறக்கத்தில் வந்த நீலப் புகைக்குக் காரணம் இதுதான். த்ராட்டில் மூடியிருக்க, இன்ஜின் வேகமாகச் சுற்றினால் இன்டேக் மேனிஃபோல்டில் வெற்றிடம் கூடும். அது ராக்கர் பக்கத்து ஆயிலைத் தேய்ந்த கைடு வழியாக உறிஞ்சி இழுக்கும். ரிங் போனால் புகை ஏற்றத்தில், மிதிக்கும்போது வரும். கைடு போனால் இறக்கத்தில் வரும். சென்னிமலைப் பாதையில் ஒரு முறை ஏறி இறங்கினாலே எது என்று சொல்லிவிடலாம்.

அப்புறம் தண்ணீர். பிளாக்கின் ட்ரெயின் டேப்பைத் திறந்தால் ஒரு சொட்டு வரவில்லை. கம்பியால் குத்தியதும் செங்காவித் தண்ணீர் சொட்டியது. பக்கவாட்டுத் துளைகளை மூடும் வெல்ச் பிளக்குகளைக் குத்திக் கழற்றிப் பார்த்தால், பின் சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர் ஓடும் வாட்டர் ஜாக்கெட்டின் அடிப்பாகம் துருவும் உப்புப் பாறையுமாக இறுகிக் கிடந்தது. நம் பக்கத்துப் போர்வெல் தண்ணியை வருசக் கணக்கில் ரேடியேட்டரில் ஊற்றினால் வேறென்ன ஆகும்? கோயமுத்தூர்க்காரர்களுக்காவது சிறுவாணி இருக்கிறது. ஸ்க்ரூ டிரைவர், பழைய ஹேக்சா பிளேடு, வளைத்த கம்பி என்று கிடைத்ததை எல்லாம் விட்டுச் சுரண்டி, பிரஷர் வாட்டர் அடித்துத் தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவினோம். முழு வேலையிலும் அலுப்பான வேலை இது. அதனாலேயே யாரும் செய்வதில்லை.

இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடாமல் பிடிக்கும் தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலி. “சூடாவுது” என்றால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் மெக்கானிக்குகளின் கைவைத்தியம். அதனால் என்ன கெடுதல் என்றால், பக்கத்து ஊருக்குப் போய் வரும் ஓட்டத்தில் இன்ஜின் சரியான சூட்டுக்கே வராது. எரியாத பெட்ரோலும் நீராவியும் ஆயிலில் கலந்து சேறாகும். அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பைக் கழற்றியபோது அடியில் அந்தச் சேறு விரல் கனத்துக்கு நின்றது.

அடிப்பாகம்: அளவு சொன்னது

இறக்கியது தறிக்குடோனில். தறிகளை விற்றுவிட்ட பிறகு காலியாகக் கிடந்த குடோன். மேலே இரும்பு கர்டர், அதில் பாவு தூக்கிய செயின் பிளாக் அப்படியே தொங்கியது. இன்ஜின் இறக்க இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. தரை சிமெண்ட், வெளிச்சம் நன்றாக வரும், தூசிக்குக் கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

வீட்டில் இன்ஜின் வேலை என்றால் ஸ்பேனர் செட்டை நினைக்கிறார்கள். எனக்கு முதல் செலவு மைக்ரோமீட்டரும் போர் கேஜும்தான். வெட்டுவதும் கடைவதும் லேத்தில் நடக்கட்டும். எதை வெட்டுவது, வெட்டவே வேண்டுமா என்ற முடிவு அளந்தவன் கையில் இருக்க வேண்டும்.

இந்த இன்ஜினுக்கு 10, 20, 30, 40 தவ் என்று ஓவர்சைஸ் பிஸ்டன்கள் உண்டு. முன்பு நடந்த வேலையில் இது 30-க்குப் போயிருந்தது. அதாவது போர் 73.79 மில்லி இருக்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என மூணு உயரத்தில், நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் அளந்தோம். அதிகம் தேய்ந்த இடம், ரிங் ஏறி நிற்கும் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே, 73.83. ஒன்றரைத் தவ்வுக்குக் கொஞ்சம் கூட. இதற்கு ரீபோர் அடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

கிராங்க் ஏற்கெனவே 20 தவ் குறைத்துக் கிரைண்ட் செய்யப்பட்டது. ஜர்னல்களில் (பேரிங்குக்குள் சுழலும் உருளைப் பகுதிகள்) கீறல் லேசு, நகத்தில் தட்டவில்லை. கோணல் அரைத் தவ்வுக்குள்தான். ஆனால் மெயின் பேரிங் மூணிலும் மேல் பூச்சுப் போய்ச் செம்பு தெரிந்தது. ஆயில் லைட் மினுக்கியதற்குக் காரணம் இங்கே. ஜர்னல் நல்லது, பேரிங் கெட்டது: சேறு கலந்த ஆயில் மெதுமெதுவாகச் செய்த வேலை.

ஆக நாலு புகார், நாலு காரணம். இழுவைக்கு எக்ஸாஸ்ட் சீட், புகைக்கு இன்லெட் கைடு, சூட்டுக்கு உப்புப் பாறை, ஆயில் லைட்டுக்குச் சேறும் பேரிங்கும். ஒன்றுக்குக்கூடச் சிலிண்டர் போர் பொறுப்பில்லை.

பழைய பிளாக்கில் இரும்பு என்பது முதல். ஒவ்வொரு ரீபோரும் அந்த முதலில் இருந்து எடுப்பது. வட்டி எதுவும் வராது. 40-க்கு மேல் பிஸ்டன் கிடைக்காது. அப்புறம் சிலிண்டருக்குள் உள்ளுறையாக ஸ்லீவ் போடலாம்தான், ஆனால் அது தனிக் கதை, தனிச் செலவு.

திருச்செங்கோட்டில்

ஹெட், கிராங்க், பிளாக் மூன்றையும் வண்டியில் ஏற்றித் திருச்செங்கோட்டுக்குக் கொண்டுபோனோம். ஏன் அங்கே? இந்தியா முழுக்க ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்குத் தாய்வீடு அந்த ஊர். பக்கத்திலேயே சங்ககிரி, நாமக்கல் லாரிகள். கம்பிரசர் இன்ஜினும் லாரி இன்ஜினும் ஓயாமல் வந்து போகிற இடத்தில் கிராங்க் கிரைண்டிங், லைன் போரிங், ஹெட் வேலை எல்லாம் தெருவுக்குத் தெரு நடக்கிறது. 1920-ல் ஜி. டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்ட காலத்தில் இருந்தே வண்டி வேலை கொங்கு நாட்டில் ஊறிப்போன தொழில். சென்னையிலும் பெங்களூரிலும் பழைய கார் வைத்திருப்பவர்கள் மெசின் வேலைக்கு ஆள் தேடி அலைகிறார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. கவலை வேறே: லாரிக்கு வேலை செய்து பழகிய கை, சைஸ் ஏற்றுவதைத்தான் முதலில் சொல்லும்.

லேத்காரர் பெரிய கைகாரர். பிளாக்கைத் தடவிப் பார்த்தவுடனே சொன்னார்: “இத்தனை பிரிச்சாச்சுங்க தம்பி. நாப்பது அடிச்சுப் புது பிஸ்டன் போட்டுட்டா ஒரே வேலையா முடிஞ்சிருமுங்க.”

“அளந்து எழுதிக்கிட்டு வந்திருக்கேனுங்கண்ணா. ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லுங்க.”

பேப்பரை வாங்கிப் பார்த்தார். தன் போர் கேஜை எடுத்து ரெண்டு சிலிண்டரைத் தானே அளந்தார். பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “அப்பறம் எதுக்குங்க இதத் தூக்கிட்டு வந்தீங்க, லேசா ஹோனிங் போட்டுட்டு எடுத்துக்கிட்டுப் போங்க” என்றார். கிராங்கையும் கிரைண்ட் செய்யாமல் பாலிஷ் மட்டும். அதே 20 தவ் சைஸில் புது பேரிங்.

நிஜ வேலை ஹெட்டில்தான். முதலில் விரிசல் சோதனை. நாலாம், அஞ்சாம் சீட்டுக்கு நடுவில் விரிசல் இருந்தால் சீட் போட்டும் பிரயோசனமில்லை. அவர் டை ஊற்றிப் பார்த்தார். வீட்டிலேயே பார்க்க எளிய வழியும் இருக்கிறது: மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்து, மேலே சுண்ணாம்புத் தூளைப் பூச வேண்டும், விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கோடாக ஊறித் தெரியும். எங்கள் ஹெட் தப்பித்தது.

பிறகு எக்ஸாஸ்ட் நாலுக்கும் பழைய சீட்டைக் கடைந்து எடுத்துக் கடினமான இரும்பில் தனிச் சீட் வளையம் இறக்கினார். வளையம் பள்ளத்தைவிட ஒரு நூலிழை பெரிதாக இருக்க வேண்டும். ஹெட்டைச் சூடாக்கி, வளையத்தைக் குளிர வைத்து, ஒரே அழுத்தில் இறக்க வேண்டும். இதில் ஆழம் கொஞ்சம் கூடினால் வாட்டர் ஜாக்கெட்டில் ஓட்டை விழும், ஹெட் போச்சு. கைகாரரிடம் கொடுப்பது இதற்காகத்தான். இன்லெட் சீட்டுகளைத் தொடவில்லை; உள்ளே வரும் குளிர்ந்த கலவை அவற்றைக் காப்பாற்றிவிடும். கைடு எட்டும் புதிது. எக்ஸாஸ்ட் வால்வு நாலும் புதிது. 45 டிகிரியில் சீட் வெட்டிய பிறகு வால்வுகளை மாட்டி, ஹெட்டைத் திருப்பிப் போட்டு, போர்ட்டில் பெட்ரோல் ஊற்றிப் பார்த்தோம். கசியவில்லை. மொத்தச் செலவில் பெரும் பங்கு ஹெட்டுக்கே போனது; அதுதான் நியாயமும்.

மாட்டியது

ஹோனிங் என்பது சிலிண்டரின் உள்சுவரைக் கல்லால் லேசாகத் தேய்ப்பது. ஹோனிங் போட்ட சிலிண்டரில் கண்ணுக்குத் தெரியாத கல் தூள் ஒட்டியிருக்கும். பெட்ரோல், டீசல் போட்டுத் துடைத்தால் அது போகாது. எண்ணெய்ப் பசையோடு கோடுகளுக்குள் இன்னும் நன்றாக உட்கார்ந்துகொள்ளும். சுடுதண்ணியும் துணி சோப்பும் பிரஷ்ஷும்தான் வழி. தேய்த்துக் கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். முதல் துணி சாம்பல் நிறமாக வரும். துணி வெள்ளையாகவே வெளியே வரும்வரை விடக்கூடாது. காய்ந்த உடனே ஆயில் தடவிவிட வேண்டும், இல்லாவிட்டால் கண் முன்னாலேயே துரு பிடிக்கும். பிளாக்குக்குள் ஆயில் ஓடும் வழியான ஆயில் கேலரியின் பிளக்குகளைக் கழற்றி நீள பிரஷ் விட்டு இழுத்ததில் பழைய சேறு இன்னும் வந்தது. போன முறை இந்த பிளக்குகளைத் தொடவே இல்லை என்பது அவற்றின் தலையிலேயே தெரிந்தது.

ரிங் கேப் பார்ப்பதற்கு ரிங்கைத் தனியாகச் சிலிண்டரில் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, ஃபீலர் விட வேண்டும். 9-ல் இருந்து 12 தவ்வுக்குள் இருந்தால் போதும். மெயின் பேரிங்கில் பிளாஸ்டிகேஜ் இழை (நசுங்கிய அகலத்தில் இடைவெளியைக் காட்டும் இழை) வைத்து இறுக்கிக் கழற்றிப் பார்த்ததில் ஒன்றரைத் தவ். இறுக்கம் மெயின் பேரிங் மூடிக்கு 70 பவுண்டு-அடி, கனெக்டிங் ராடுக்கு 35. டார்க் ரெஞ்ச் இல்லாமல் கை கணக்கில் இறுக்குவதை நான் ஏற்றுக்கொள்வதில்லை, எவ்வளவு அனுபவம் இருந்தாலும் சரி. கிராங்கின் முன்பின் ஆட்டத்தை நடு மெயின் பேரிங்கின் இரு பக்கமும் உள்ள த்ரஸ்ட் வாஷர்கள் பிடிக்கின்றன. அதை டயல் கேஜில் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

டேப்பெட் வைக்க, அதாவது இடைவெளியைச் சரிசெய்ய, இந்த இன்ஜினுக்கு ஒன்பது கணக்கு. எட்டாம் வால்வு முழுசாகத் திறந்திருக்கும்போது ஒண்ணாவதை வைக்க வேண்டும். மூணு திறந்திருந்தால் ஆறு. அஞ்சு திறந்திருந்தால் நாலு. கூட்டினால் எப்போதும் ஒன்பது. டைமிங் மார்க் தேட வேண்டாம், பேப்பர் வேண்டாம். பெரியப்பாவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போய், ஃபீலரை அவரே வாங்கிக்கொண்டார்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் பிளக்குகளைக் கழற்றி வைத்துவிட்டு, கேஜில் ஆயில் பிரஷர் ஏறும்வரை செல்ஃப் அடித்தோம். பிளாட்டினம் பாயிண்ட் கேப் 15 தவ், பிளக் கேப் 25. பிளக்கை மாட்டியதும் இரண்டாவது செல்ஃபில் பிடித்தது.

அதற்குப் பிறகு

நாலு சிலிண்டரும் இப்போது 125-க்கும் 130-க்கும் இடையில். சூடான ஐடிலில் ஆயில் பிரஷர் 20 பிஎஸ்ஐ, ஓட்டத்தில் 50. முதல் ஆயிலை 500 கிலோமீட்டரில் மாற்றினோம், ஹெட் நட்டுகளையும் ஒரு முறை மறுபடி பார்த்தோம். மலையில் இருந்து கியரில் இறங்கினால் பின்னால் எதுவும் தெரிவதில்லை.

ஒரு கசிவு மட்டும் நிற்கவில்லை, நிற்காது என்பதும் தெரியும். கிராங்கின் பின்முனையில் இந்த இன்ஜினுக்கு ஆயில் சீலே கிடையாது. கிராங்கில் வெட்டிய மரைதான் ஆயிலை உள்ளே திருப்பி அனுப்ப வேண்டும். வண்டி நின்ற பிறகு ரெண்டு சொட்டு விழத்தான் செய்யும். கிராங்க் கேஸ் காற்றுப் போக்கி அடைக்காமல் பார்த்துக்கொண்டால் அது ரெண்டு சொட்டோடு நிற்கும். சிலிக்கான் பூசி இதை நிறுத்தப் பார்த்தவர்கள் ஆயில் வழியைத்தான் அடைத்திருக்கிறார்கள்.

பராமரிப்பில் நான் வற்புறுத்தியது ஒரு நோட்டுப் புத்தகம். எட்டு வால்வின் கேப்பையும் வைப்பதற்கு முன் என்ன இருந்தது என்று தேதி போட்டு எழுத வேண்டும். எல்லாரும் வைத்த அளவைத்தான் சொல்கிறார்கள். வைப்பதற்கு முன் இருந்த அளவில்தான் விசயம் இருக்கிறது. எக்ஸாஸ்ட் நாலும் மெதுவாகக் குறைந்துகொண்டே வந்தால் சீட் அமிழ்கிறது. போன முறை இப்படி எழுதியிருந்தால் ஒரு ரீபோர் மிச்சமாகியிருக்கும். சீட் போட்ட பிறகு நாலும் அஞ்சும் 15-லேயே நிற்கின்றன. முதல் முறை மட்டும் அரைத் தவ் குறைந்தது, அது வால்வு சீட்டில் படிந்ததால்.

இப்போதைய பெட்ரோல் இன்னொரு கவலை. 20 சதவீத எத்தனால் பழைய ரப்பருக்கு ஆகாது. பெட்ரோல் ஹோஸ் அத்தனையும், பம்ப் டயாப்ரமும் எத்தனால் தாங்குகிற சரக்காக மாற்றியாயிற்று. எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதனால் டேங்க்கில் பழைய பெட்ரோலை மாசக் கணக்கில் விடக்கூடாது. எத்தனாலில் ஆக்சிஜன் உண்டு. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட் அதே அளவில் இருந்தால் கலவை மெலியும், மெலிந்தால் எக்ஸாஸ்ட் வால்வு கூடுதலாகச் சூடாகும். பிளக் முனை வெளுத்து வந்ததால் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் பெரிதாக்கினோம். இப்போது பழுப்பாக வருகிறது.

ரேடியேட்டரில் போர்த் தண்ணிக்கு இடமில்லை; பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரும் கூலண்டும் மட்டும். தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறப்பது. இதில்தான் பெரியப்பாவுக்கும் எனக்கும் இன்னும் வழக்கு. போன சித்திரையில், “வெய்யிலு கொளுத்துது கண்ணு, அதக் கழட்டி வெச்சிரலாமா?” என்று போன் செய்தார். முள் எங்கே நிற்கிறது என்று கேட்டேன். நடுவில்தான் நிற்கிறது என்றார். அப்புறம் ஏன் கழட்ட வேண்டும் என்றேன். “ஒரு தைரியத்துக்குத்தான்” என்றார்.